பிரமிடு தோண்டும் பெட்டி: மகளோடு மூன்று சாயங்காலம்

ஜெயநகர் நான்காவது பிளாக்கில் ஒரு பொம்மைக் கடையில், நாலாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக இந்தப் பெட்டியை 650 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பிரமிடு வடிவத்தில் ஒரு பிளாஸ்டர் கட்டி, மரச் சுத்தியல், பிளாஸ்டிக் உளி, பிரஷ், விளக்கத் தாள். கட்டிக்குள் பன்னிரண்டு குட்டிச் சிலைகள் புதைந்திருக்கும்.

முதல் அரை மணி நேரம் ஓங்கி ஓங்கித் தட்டினாள், ஒரு பூனைச் சிலையின் காது போய்விட்டது. கொஞ்ச நேரம் அழுகை. அதற்கப்புறம் நான் எதுவும் சொல்லாமலே உளியைச் சாய்த்துப் பிடித்து, சுரண்டி, ஊதி, பிரஷால் தூளைத் தள்ளி, மறுபடி சுரண்டி என்று மூன்று சாயங்காலம் டிவி பக்கமே போகவில்லை. அந்தப் பொறுமைக்காகவே காசு செரித்துவிட்டது. தூள் மட்டும் வீடெல்லாம் பறக்கும், பால்கனியில் உட்கார வையுங்கள், மூக்குக்குத் துணி கட்டிவிடுங்கள். சுத்தியலின் தலை இரண்டாம் நாளே கழன்றது, ஃபெவிகால் போட்டு ஒட்டினேன்.

எனக்குக் கோபம் வந்தது அந்தத் தாளைப் படித்தபோதுதான். பிரமிடுகளை அடிமைகள் கட்டினார்கள் என்று போட்டிருக்கிறது. 1990-ல் எகிப்தின் கீசாவில் ஒரு குதிரை மண்ணில் புதைந்திருந்த செங்கல் சுவரில் இடறியது, அங்கே தோண்டியபோது பிரமிடு கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் வந்தன. மன்னரின் பிரமிடுக்குப் பக்கத்திலேயே, மறுமைக்கு ரொட்டியும் பீரும் வைத்த ஜாடிகளோடு புதைத்திருக்கிறார்கள். அடிமையை யார் அப்படிப் புதைப்பார்கள்? குழந்தை கையில் கொடுக்கும் தாளில் இதைத் திருத்த வேண்டும்.

இன்னொன்று, கட்டியைப் பார்த்ததுமே பிரமிடு என்று தெரிந்துவிடுகிறது. நிஜத்தில் பல பிரமிடுகள் வெறும் மேடாகத்தான் கண்ணில் படும். மெக்சிகோவின் சோலூலாவில் உலகத்திலேயே கன அளவில் பெரிய பிரமிடு புல் மூடிக் குன்று மாதிரி நிற்கிறது, ஸ்பானியர்கள் அதன் தலையில் தேவாலயமே கட்டினார்கள். 1931-ல் தொடங்கி சுமார் 8 கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைந்துதான் உள்ளே பார்த்தார்கள். அதே நாட்டில், காட்டின் கார்பனைக் கணக்கிட 2013-ல் விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த தரவு ஓர் ஆராய்ச்சி மாணவரின் கண்ணில் பட்டது, இணையத் தேடலில் பதினாறாவது பக்கம் போல. அதில் பிரமிடுக் கோயில்களோடு மாயா என்ற பழங்கால மக்களின் ஒரு நகரமே இருந்தது. வலேரியானா என்று பெயர் வைத்து 2024-ல் அறிவித்தார்கள். பக்கத்திலேயே நெடுஞ்சாலை, ஊர்க்காரர்கள் அந்த இடிபாடுகளுக்கு நடுவிலேயே வெள்ளாமை செய்துகொண்டிருந்தார்கள்!

எங்கள் அம்மாச்சி ஊர் சிவகங்கைப் பக்கம். உழும்போது கறுப்பு சிவப்புப் பழைய பானை ஓடு வரும், தாத்தா பொறுக்கி வரப்பில் போடுவார், ஏரில் சிக்காமல் இருந்தால் போதும் அவருக்கு. அதே மாவட்டத்துக் கீழடியிலும் மேலே தென்னந்தோப்புதான். 2015-ல் அங்கே போய்த் தோண்டத் தொடங்கியது நம்ம பெங்களூரில் இருக்கும் மத்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வுப் பிரிவு. தாத்தா போட்ட ஓடு எந்த மேட்டில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று இப்போது யாரிடம் கேட்பேன்?

அதனால் பெட்டி தீர்ந்ததும் ஒரு காரியம் செய்தேன். பெரிய பூந்தொட்டியில் அடியில் செம்மண், நடுவில் மணல், மேலே உரமண் போட்டு, அதே சிலைகளையும் உடைந்த அகல் விளக்குத் துண்டுகளையும் வெவ்வேறு ஆழத்தில் புதைத்தேன். தொட்டியின் வாயில் நூல் கட்டி நாலு கட்டமாகப் பிரித்தேன். மகள் கரண்டியால் மண்ணை வழித்து வழித்து எடுத்தாள். காது உடைந்த பூனை வந்ததும் கையில் எடுக்கவே இல்லை, முதலில் ஸ்கேலை வைத்து அளந்து, நோட்டில் "வடக்குக் கட்டம், 11 செ.மீ., மணல், பூனை, தலை கிழக்கே" என்று எழுதிவிட்டுத்தான் தொட்டாள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக வாங்கலாம். தாளை நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். நூல், ஸ்கேல், ஒரு நோட்டு தனியாக எடுத்து வையுங்கள், பெட்டியில் வராது.