கண்ணைச் சிமிட்டுங்கள் அம்மா

அம்மாவின் முதலாண்டுத் திதிக்காகச் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் போயிருந்தேன். கூடவே வங்கி, வாரிசுச் சான்றிதழ் என்று பாக்கி வேலைகள். ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, எந்தச் சேவை எப்படி இருந்தது என எழுதுகிறேன். நடுநடுவே அம்மா வருவாள். அவளை விட்டுவிட்டு இதை எழுத எனக்கு வராது.

விமான நிலையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் இயங்கத் தொடங்கிய புது முனையம் விசாலமானது, சுத்தமானது. பழைய கட்டடத்தில் மூட்டை முடிச்சுகளோடு நெருக்கியடித்து நின்றவர்களுக்கு அருமை தெரியும்.

எங்கள் வீடு பொன்மலைப்பட்டியில். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஊட்டி மலை ரயிலுக்குப் புதிய நீராவி என்ஜின்கள் இங்கேதான் செய்யப்பட்டன என்பதில் எங்கள் குடும்பத்துக்கு இன்றும் கர்வம். அவை அப்பா இறந்த பிறகு செய்யப்பட்டவை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அப்பாவுக்குப் பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. மத்திய அரசு விதிப்படி 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85-இல் அது 30 ஆகும். எண்பது நிறைந்த மாதம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் சம்பள உயர்வு வாங்கியவள் நான்." ஒரு நாள்கூட ஓய்ந்து உட்கார்ந்தவள் இல்லை என்பது வேறு விஷயம். இந்தக் கூடுதல் தொகைக்கு ஓய்வூதிய ஆணையில் பிறந்த தேதி சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். பல வீடுகளில் அங்கேதான் சிக்கல். அம்மா பிறந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். அப்பா எழுதிக் கொடுத்ததோ ஜூலை 1. எப்படியோ, ஒரு தேதி இருந்ததால் பிழைத்தோம்.

ஓய்வூதியம் நிற்காமல் வர ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். எண்பதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். ஆரம்பத்தில் அக்கா ஆட்டோ வைத்து அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போவாள். ரேகைக் கருவியில் அம்மாவின் விரல் பதியவே பதியாது. புளியும் சாம்பலும் போட்டுப் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை எங்கே மிஞ்சியிருக்கும்? கையைத் துடைத்து வையுங்கள், அழுத்தி வையுங்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்பார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகும் நேரில் வந்தாக வேண்டும் என்றே அந்தக் கிளையில் சொன்னார்கள்.

காப்பாற்றியவர் தபால்காரர். அஞ்சல் வங்கி மூலம் வீட்டுக்கே வந்து இந்தச் சான்றை எடுத்துக் கொடுக்கிறார்கள். கட்டணம் 70 ரூபாய். ரேகை பதியாவிட்டால் முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. அதற்குக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். எதிரே இருப்பது உயிருள்ள ஆள்தான், புகைப்படம் அல்ல என்று செல்பேசிக்குத் தெரிய வேண்டுமாம். கடைசி அக்டோபரில் நடந்ததை நான் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஞாபகம் வருவதும் போவதுமாக இருந்த காலம். "கண்ணைச் சிமிட்டுங்கள் அம்மா" என்று தபால்காரர் சொன்னதும், சாமி கும்பிடச் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். கையும் தானாகக் கூப்பியது. அக்கா எதிரே நின்று சிமிட்டிக் காட்டினாள். அம்மா அதை ரசித்தாளே தவிர, திரும்பச் செய்யவில்லை. கடைசியில் அக்கா அவள் முகத்தில் லேசாக ஊத, இமை தட்டியது, சான்றும் வந்தது. "இன்னும் ஒரு வருஷம் நான் இருக்கலாமா?" என்று அம்மா கேட்டாள். தபால்காரர், "தாராளமாக" என்றார். அடுத்த மாதமே போய்விட்டாள்.

வீடு தேடி வந்த இன்னொருவர், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் தன்னார்வலர். ரத்த அழுத்தம் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், மாத்திரைப் பெட்டியைத் திறந்து என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார். இந்தக் கடைசி வேலை மிக முக்கியம். கசக்கிறது என்று அம்மா மாத்திரைகளைத் தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான், அக்காவுக்குக்கூடத் தெரியாது.

வங்கி வேலை அலுப்பூட்டியது. ஓய்வூதியம் இறந்த நாள் வரைக்கும்தான். அதற்குப் பின் வரவான தொகையைப் பிடித்துக்கொள்வது நியாயம்; அந்தக் கணக்கை முடிப்பதற்கு மாதக்கணக்கில் இழுத்தடித்தது நியாயமில்லை. நான் பணம் அனுப்பிய இன்னொரு கணக்கில் நியமனதாரர் (நாமினி) பெயரே இல்லை. அதனால் வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து, நோட்டரி என்று நீண்டது. ஊருக்குப் போகும்போது பெற்றோரின் பாஸ்புக்கைத் திறந்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம்.

அந்தக் கணக்கின் பாஸ்புக்கில் ஆயிரம், இரண்டாயிரம் என்று காரணம் தெரியாத பற்றுகள் இருந்தன. அக்காவிடம் கேட்டேன். தெருப் பெண்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்து வந்திருக்கிறாள் அம்மா! பூக்காரிக்கு, சத்துணவு ஆயாவுக்கு, எதிர்வீட்டு மருமகளுக்கு அவள் மாமியாருக்குத் தெரியாமல். திதிக்கு வந்த இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பூக்காரியிடம் அக்கா வாங்கவில்லை. எதிர்வீட்டு மருமகளிடம் எண்ணி வாங்கிக்கொண்டாள். அதற்கு அவளுக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

திதிக்கு முன் ராமேஸ்வரம் போய் வந்தோம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் அப்போதெல்லாம் ரயில் ஊர்ந்து போகும். ரயில்வே பாஸில் அப்பா எங்களை அழைத்துப் போன நாட்களில், கடலில் போட ஆளுக்கொரு நாணயம் கொடுத்துவிட்டு, தன் நாணயத்தை மட்டும் வெகுநேரம் கையிலேயே வைத்திருப்பாள் அம்மா. என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டால், "விழாமல் அக்கரை சேர வேண்டும் என்றுதான், வேறென்ன" என்பாள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் வேகமாகவே போனது. சட்டைப்பையிலிருந்து காசை எடுப்பதற்குள் கடல் முடிந்துவிட்டது.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாயிற்று. தாசில்தார் அலுவலகத்தில் இருக்கிறது. இன்னொன்றும் பாக்கி. அம்மாவுக்குப் பகல்நேர ஆள் அனுப்பிய நிறுவனம். ஒருத்தி அம்மாவுக்குப் பழகியதும் அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அம்மா புதியவளையும் பழைய பெயர் சொல்லியே கூப்பிடுவாள். அந்தப் பெண்களின் கைக்குப் போனது நாங்கள் கொடுத்ததில் பாதிதான் என்பது பிறகே தெரிந்தது. கடைசி மாதங்களில் லால்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை அக்காவே நேராக வைத்துக்கொண்டாள். அவள் கையால்தான் அம்மா கடைசி வாய்க் கஞ்சி குடித்தாள். நிறுவனம் எங்கள் முன்பணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. வாராவாரம் திங்கட்கிழமை அக்கா அவர்களுக்குப் போன் செய்கிறாள். அவள் விடமாட்டாள்.