பட்டை அகலமாக வேண்டும்: நிறத்தை மாற்றுவதா, பிளவை நெருக்குவதா, சுவரைத் தள்ளுவதா?

பிளஸ் டூ படிக்கும் அக்கா மகளுக்கு யங்கின் இரட்டைப் பிளவு ஆய்வை வீட்டிலேயே காட்டலாம் என்று கும்பகோணத்தில் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்தோம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே ஒளியை அனுப்பினால் சுவரில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிப் பட்டைகளாக விழும்; அடுத்தடுத்த இரண்டு வெளிச்சப் பட்டைகளின் நடுவே உள்ள தூரம்தான் பட்டை அகலம். கண்ணாடித் துண்டை மண்ணெண்ணெய் விளக்கில் காட்டிக் கரி படிய வைத்தேன். இரண்டு பிளேடுகளுக்கு நடுவே ஒரு தாள் துண்டைச் செருகிச் சேர்த்துப் பிடித்து ஒரே கீறல். பிளவுகளுக்கு இடையே சுமார் 0.2 மி.மீ. சிவப்பு லேசர் 650 நானோமீட்டர், சுவர் 2 மீட்டரில். கணக்குப்படி பட்டை அகலம் 6.5 மி.மீ. ஸ்கேல் வைத்து அளந்தால் கண் வலிதான் மிச்சம்.

அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, பிளவு இடைவெளியால் வகுத்தால் பட்டை அகலம். ஆக, கை வைக்க மூன்று இடம்.

நிறத்தை மாற்றிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியே ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு மடங்கு கூட வராது. பச்சைக்கு (532) மாறினால் 5.3 மி.மீ. என்று சுருங்கத்தான் செய்யும். மீன் தொட்டிக்குள் வைத்தால் இன்னும் மோசம்: நீரின் ஒளிவிலகல் எண் 1.33, நீருக்குள் அலைநீளம் அத்தனை மடங்கு சுருங்கும், எனவே 6.5 என்பது 4.9 ஆகிவிடும்.

பிளவை நெருக்குவது காகிதத்தில் அருமையான யோசனை. தாள் துண்டை உருவிவிட்டால் இடைவெளி 0.1, அகலம் 13 மி.மீ. ஆனால் இரண்டு கீறலுக்கு நடுவே உள்ள கரி உதிர்ந்து இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்று கண்ணாடி அப்படித்தான் வீணானது. நான்காவது தப்பியது. அதில் வேறு சங்கடம். ஒவ்வொரு பிளவும் ஒளியை ஒரு விசிறி போல விரிக்கிறது, பட்டைகள் அந்த விசிறிக்குள்தான் தெரியும். விசிறி அப்படியே இருக்க, பட்டை மட்டும் அகன்றால் உள்ளே அடங்கும் எண்ணிக்கை பாதியாகும். பல பட்டைகளைச் சேர்த்து அளந்து வகுப்பதுதான் பிழையைக் குறைக்கும் வழி. அதில் போய் கை வைக்கலாமா?

என் ஓட்டு தூரத்துக்குத்தான். நம்ம பக்கத்துப் பழைய வீடுகள் இதற்கென்றே கட்டியவை போல: வாசலில் நின்றால் கொல்லை தெரியும். ரேழியில் ஸ்டூல் போட்டு லேசர், கொல்லைக் கதவில் வெள்ளை வேட்டி. நடுவே 12 மீட்டர். அகலம் 39 மி.மீ., எண்ணிக்கையும் குறையவில்லை, விசிறியும் கூடவே விரிந்துவிட்டது. யாரும் குறுக்கே வந்து லேசரைக் கண்ணில் வாங்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

குறை, வெளிச்சம் மங்கிவிடும். விளக்கை அணைத்த பிறகும் சிவப்பு சரியாகத் தெரியவில்லை.

“மாமா, அந்தப் பச்சையைப் போடுங்க.”

அகலம் 32 மி.மீ. ஆகக் குறையும் என்றேன். குறைந்தால் என்ன, தெரிகிறதே என்றாள். நம் கண்ணுக்குப் பச்சைதான் தூக்கலாகத் தெரியும். அவள் சொன்னது சரி.

பச்சையில் ஐந்து பட்டை அகலம் சேர்த்து 16.3 செ.மீ. அதைத் திருப்பிப் போட்டுக் கணக்கிட்டதில் எங்கள் கீறல்களுக்கு இடையே 0.2 இல்லை, 0.196 மி.மீ.