நாலு பாறைக்கோள் செட்: உள்ளே அருமை, கையேடு சுமார்

தக்கலையில் டியூஷன் எடுக்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன்: 1,150 ரூபாய்க்கு இந்தப் பாறைக்கோள் மாதிரி செட்டைத் தாராளமாக வாங்கலாம். கூட வரும் கையேட்டை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் வாங்கினேன். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என நாலு பிளாஸ்டிக் பந்துகள். ஒவ்வொன்றும் இரண்டு பாதியாகத் திறக்கும். வெளியே மேலோடு, அதற்குக் கீழே கவசம், நடுவில் கருவம் எல்லாம் தனித்தனி நிறத்தில் இருக்கும்.

கொடுத்த காசு புதனுக்கே சரியாகிவிட்டது. திறந்தால் பெரும்பகுதி சாம்பல் நிறக் கருவம்தான். நிஜப் புதனும் அப்படித்தான்: 2,440 கி.மீ. ஆரத்தில் சுமார் 2,000 கி.மீ. வரை இரும்பு நிறைந்த கருவம். "பாறைக்கோள்னு சொல்லிட்டு உள்ள முழுக்க இரும்பா இருக்கே டீச்சர்?" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான். இந்தக் கேள்வி படத்தைப் பார்த்து வராது. கோள் உருவானபோது உருகிக் கிடந்தது, கனத்த இரும்பு நடுவுக்கு இறங்கியது, லேசான சிலிக்கேட் பாறை மேலே தங்கியது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வெள்ளை மணலை அலை இழுத்துப்போக, கனமான கரிமணல் தங்கிவிடுகிறதே மக்களே, என்றதும் பிடித்துக்கொண்டான்.

இனி கையேடு. "சூரியனுக்கு அருகில் இருப்பவை பாறைக்கோள்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நம் சூரியக் குடும்பத்துக்கு ஒத்துவரும், சரி. ஆனால் வேறொரு விண்மீனின் கோளாக 1995-இல் கண்டுபிடித்த 51 பெகாசி பி அந்த விண்மீனை நாலு நாள் சொச்சத்தில் சுற்றுகிறது. புதனுக்கே 88 நாள் ஆகிறது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அது வாயுக்கோள்! எங்கே இருக்கிறது என்பதல்ல, எதனால் ஆனது என்பதுதான் கணக்கு: பாறை, உலோகம், திடமான தரை. அடர்த்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூமி கன சென்டிமீட்டருக்கு 5.5 கிராம், வாயுக்கோளான சனி வெறும் 0.7. இதைப் போட்டிருந்தால் பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

மிகச் சூடான கோள் புதனாம். தப்பு, அது வெள்ளி. கரியமில வாயுப் போர்வைக்குள் சுமார் 465 டிகிரி. புதனில் பகலில் 430 இருந்தாலும் இரவில் மைனஸ் 180-க்கு இறங்கிவிடும்.

அளவும் சொதப்பல். பூமிப் பந்து 12 செ.மீ. என்றால் செவ்வாய் ஆறரைக்குள் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்தால் ஒன்பது காட்டுகிறது.

பாதிகளைச் சேர்க்கும் காந்தம் பூமிப் பந்தில் ஒரே வாரத்தில் கழன்றுவிட்டது. கடையில் மாற்றித் தரவில்லை. பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் அங்கேயே நாலையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஐந்துக்கு மூன்றரை.