யுனிவர்சல் கிரெடிட்: வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது?

பிரிட்டனில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகை யுனிவர்சல் கிரெடிட். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஹவுசிங் பெனிஃபிட் (வாடகை உதவி), டாக்ஸ் கிரெடிட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவி) உட்பட ஆறு பழைய உதவித்தொகைகள் இதில் அடக்கம். விண்ணப்பிக்கும் முறையைத் தாராளமாகப் பாராட்டலாம். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எண், அடையாள ஆவணம் மூன்றும் கையில் இருந்தால் இணையத்தில் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஆங்கிலம் தடுமாறினால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணம் கிடையாது. உங்கள் இணையக் கணக்கில் இருக்கும் 'ஜர்னல்' பக்கத்தில் எழுதுவதெல்லாம் தேதியோடு பதிவாகிவிடும். போனில் பேசி முடித்ததையும் அங்கே இரண்டு வரி எழுதி வைப்பது நல்லது, பிற்பாடு தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

சிக்கல் பணம் வரும் நேரத்தில் தொடங்குகிறது. ஒரு மாதக் கணக்கு முடிந்து, அதன்பின் ஏழு நாள் கழித்துத்தான் முதல் தொகை வரும். ஆக ஐந்து வாரம். அதற்குள் வாடகை நாள் வந்துவிடும். கேட்டால் முன்பணம் தருவார்கள், ஆனால் அது கடன். 24 மாதம் வரை உதவித்தொகையில் பிடித்துக்கொள்வார்கள். பழைய ஹவுசிங் பெனிஃபிட்டிலிருந்து மாறுபவர்களுக்கு மட்டும் அந்தப் பழைய தொகை இன்னும் இரண்டு வாரம் தொடர்கிறது. அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை மாதக் கணக்குதான். கடை, துப்புரவு, முதியோர் பராமரிப்பு வேலைகளில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஆண்டுக்கு 13 சம்பளம். அதனால் ஒரு மாதக் கணக்கில் மட்டும் இரண்டு சம்பளம் விழும். வரிபோகக் கிடைக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள் என்பதால், 1,000 பவுண்டு வாங்குபவருக்கு அந்த மாதம் 550 பவுண்டு கூடுதலாகக் குறையும். இரண்டாவது சம்பளத்தைச் செலவழித்துவிடாமல் அடுத்த வாடகைக்கு எடுத்து வைப்பதுதான் வழி.

ஒரு குடும்பம் பெறும் மொத்த உதவித்தொகைக்கு வைத்திருக்கும் பெனிஃபிட் கேப் என்ற உச்சவரம்பிலும் இதே கோளாறு. லண்டனில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 25,323 பவுண்டு, வெளியே 22,020. 2025–26இல் மாதம் 846 பவுண்டு சம்பாதித்தவர்களுக்கு வரம்பு கிடையாது. வாரம் 16 மணி நேரம் குறைந்தபட்சக் கூலிக்கு உழைப்பதைக் கணக்கிட்டு வைத்த தொகை அது. அதே 16 மணி நேரத்துக்கு நான்கு வாரச் சம்பளம் வாங்கியவருக்கு 781 பவுண்டுதான் வந்தது. ஒரே உழைப்பு, சம்பள நாள் வேறு என்பதற்காக வரம்புக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். இது வெறும் அநியாயம். முடிந்தால் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கோ துணைவருக்கோ உங்களைச் சார்ந்த பிள்ளைக்கோ ஊனமுற்றோருக்கான பிஐபி உதவித்தொகை கிடைத்தால் வரம்பு இல்லை.

வாடகைத் தொகையையும் நம்பி இருக்க முடியாது. தனியார் வீடென்றால், 2011 முதல் அந்தப் பகுதி வாடகைகளைக் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தினால் 30 சதவீதத்தில் நிற்கும் வாடகைதான் அளவுகோல். அதையும் பல ஆண்டுகள் உயர்த்தாமல் நிறுத்தி வைத்தார்கள். குழந்தையில்லாத, தனியாக இருக்கும் 35 வயதுக்குட்பட்டவருக்குப் பெரும்பாலும் பகிர்ந்து தங்கும் அறைக்குரிய தொகை மட்டுமே. கவுன்சில் (உள்ளாட்சி) வீட்டில் தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால் வாடகைத் தொகையில் 14 சதவீதம், இரண்டு என்றால் 25 சதவீதம் வெட்டு.

ஏப்ரலில் வாடகை ஏறினால் அந்தத் தேதிக்கு முன்பு தெரிவிக்காதீர்கள். ஏறிய பின், நடப்பு மாதக் கணக்கு முடிவதற்குள் ஜர்னலில் போடுங்கள். தாமதித்தால் அந்த மாத உயர்வு போனதுதான். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) சலுகை இதில் சேராது, கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் பணம் இழப்பது இங்கேதான். வாடகை பாக்கி இரண்டு மாதத்தை எட்டினால் வீட்டுக்காரருக்கே நேரடியாகக் கட்டச் சொல்லிக் கேட்கலாம். கணக்கு தவறென்று தோன்றினால் முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.