கரோல் பர்னெட் ஷோ: பல வருடமாகப் பார்த்துவரும் ஒரு ரசிகனின் கணக்கு

நகைச்சுவையும் ஆட்டம் பாட்டமும் கலந்து கரோல் பர்னெட் நடத்திய இந்த அமெரிக்க டிவி நிகழ்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் யூடியூப்பில் அந்தப் பல் டாக்டர் காட்சி வழியாகத்தான் வருவார்கள். நானும் அப்படித்தான். டிம் கான்வே புது டாக்டர், ஹார்வி கார்மன் நோயாளி. மரத்துப்போகும் ஊசியை டாக்டர் தன் கையிலேயே குத்திக்கொள்கிறார். கை துவண்டு தொங்குகிறது. அடுத்த ஊசி காலில். கான்வே எதற்கும் அவசரப்படுவதில்லை. நாற்காலியில் கிடக்கும் கார்மன் சிரிப்பை அடக்கப் படும் பாடுதான் பாதி நகைச்சுவை.

அந்தச் சிரிப்பு நடிப்பில்லை. ஒரே நாளில் இரண்டு முறை, இரண்டு முறையும் பார்வையாளர்களை வைத்துப் பதிவு செய்வார்கள். முதல் தடவை கான்வே எழுதியதை எழுதியபடி செய்வார். இரண்டாவதில் யாரிடமும் சொல்லாமல் எதையாவது சேர்த்துவிடுவார். கார்மன் மாட்டிக்கொள்வார்.

1967 முதல் 1978 வரை சிபிஎஸ் சேனலில் 11 சீசன் ஓடியது. மறு ஒளிபரப்புக்காக ஆட்டம் பாட்டத்தை வெட்டி அரை மணி நேரமாக்கிய பதிப்பும் உண்டு. நான் சிபாரிசு செய்வது முழு ஒரு மணி நேர எபிசோடைத்தான். பாட்டுகள் சில இழுவை, அங்கே தாராளமாக ஓட்டிவிடலாம். ஆனால் தொடக்கத்தில் அரங்க விளக்குகளைப் போடச் சொல்லிவிட்டு, கூட்டத்தின் கேள்விகளுக்கு கரோல் வாய்க்கு வந்த பதிலைச் சொல்கிற பகுதியை விடக் கூடாது.

எது பழசாகிவிட்டது? சினிமா கிண்டல்களில் பாதி. மூலப் படம் தெரியாவிட்டால் சப்பென்று இருக்கும். விதிவிலக்கு, 'கான் வித் த விண்ட்' படத்தைக் கிண்டல் செய்து 1976-இல் வந்த 'வென்ட் வித் த விண்ட்'. ஜன்னல் திரையில் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு கரோல் படியிறங்கி வருகிறார், திரை மாட்டும் கம்பி இன்னும் தோளிலேயே இருக்கிறது. உடை வடிவமைப்பாளர் பாப் மேக்கியின் வேலை. படத்தைப் பார்க்காதவரும் சிரிப்பார். கரோல் மந்தமான செக்ரட்டரியாக வரும் மிஸஸ் விக்கின்ஸ் காட்சிகள் எப்போதாவது ஒன்று என்றால் சரி, அடுத்தடுத்துப் பார்த்தால் அலுக்கும்.

எனக்கு வருடம் போகப் போக ருசி கூடியது 'த ஃபேமிலி' காட்சிகளில்தான். ஆரம்பத்தில் அதைத் தள்ளிவிட்டு கான்வே எங்கே என்று தேடுவேன். கரோல் நடிக்கும் யூனிஸுக்குப் பெரிய ஆளாக வேண்டும் என்ற ஆசை. அவள் எதைச் சொன்னாலும் அம்மா ஒரே வரியில் நசுக்கிவிடுவாள். கணவன் எட், அதாவது கார்மன், நடுவில் வாய் திறந்தால் இரண்டு பக்கமும் விழும். அம்மாவாக வரும் விக்கி லாரன்ஸ் உண்மையில் கரோலைவிட 16 வயது சின்னவர் என்பதை நம்பவே முடியாது.

அவர்கள் குடும்பமாக உட்கார்ந்து 'சாரி' பலகை ஆடும் காட்சியைத் தேடிப் பாருங்கள். ஆட்டத்தின் பெயர்தான் சாரி. காயை வெட்டும்போது வாயால் சொல்லவும் வேண்டும். அந்த வீட்டில் யார் வாயிலும் அது மன்னிப்பாக வராது. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. கரோலின் முகத்தைப் பார்த்தால் யூனிஸ் நிஜமாகவே நொறுங்கிக்கொண்டிருக்கிறாள்.