ஜெஃபர்சன் நெஜமா என்ன சொன்னாரு? பவுண்டர்ஸ் ஆன்லைன்ல போய் படிங்க

அமெரிக்காவுல மாநில உரிமைனு பேச்சு வந்தா போதும், அந்த நாட்டோட மூணாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் பேர்ல ரெண்டு வரி எடுத்து போட்டு முடிச்சிடறாங்க, அதுக்கு முன்னாடி பின்னாடி அவர் என்ன எழுதிருக்கார்னு யாரும் பாக்கறதில்ல. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் நடத்துற பவுண்டர்ஸ் ஆன்லைன்ல எல்லாமே இருக்கு, காசும் கிடையாது லாகினும் கிடையாது. எழுதினவர் பேரையும் தேதியையும் போட்டு தேடலாம்.

1791 பிப்ரவரி 15ல ஆரம்பிங்க. தேசிய வங்கி தொடங்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கானு அப்போதைய ஜனாதிபதி வாஷிங்டன் கேட்டதுக்கு வெளியுறவு செயலரா இவர் குடுத்த பதில் அது. அரசியலமைப்புல குடுக்காத அதிகாரம் எல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ தான், வங்கி இருந்தா வசதி, ஆனா வசதி வேற அவசியம் வேறனு அடிச்சு சொல்றார். ஆனா கடைசி பாராவ விட்டுடாதீங்க, ரெண்டு பக்க வாதமும் சமமா தெரிஞ்சா காங்கிரஸ், அதாவது நாடாளுமன்றம், எடுத்த முடிவுக்கே மரியாதை குடுங்கன்னும் அவரே எழுதுறார்! எட்டு நாள் கழிச்சு கருவூலச் செயலர் ஹாமில்டன் எழுதின நீளமான மறுப்பும் இங்கயே இருக்கு, ரெண்டையும் சேர்த்து படிச்சா தான் சண்டையே புரியும். வாஷிங்டன் 25ம் தேதி வங்கி மசோதால கையெழுத்து போட்டுட்டார்.

1798 கென்டக்கி தீர்மானம், அதாவது வெளிநாட்டவர், அரச எதிர்ப்புப் பேச்சு பத்தின மத்திய சட்டங்கள எதிர்த்து கென்டக்கி மாநில சட்டமன்றம் போட்டது, இன்னும் அருமை. துணை ஜனாதிபதியா இருந்துட்டே ரகசியமா எழுதினது. அவரோட வரைவும் சட்டமன்றம் நிறைவேத்தினதும் ரெண்டுமே இருக்கறதால, மத்திய சட்டத்த மாநிலம் செல்லாததாக்கலாம்ங்கற பகுதிய எப்படி கழட்டி விட்டாங்கன்னு கண்ணால பாக்கலாம்.

1803ல அவரே ஜனாதிபதி, பிரான்ஸ்கிட்ட இருந்து லூசியானா நிலப்பரப்ப ஒன்றரை கோடி டாலருக்கு வாங்கறார். ஆகஸ்ட் 12ல கென்டக்கி செனட்டர் பிரெக்கின்ரிட்ஜுக்கு எழுதும்போது வெளிநாட்டு நிலத்த சேத்துக்க அரசியலமைப்புல இடமில்ல, திருத்தம் வேணும்ங்கறார். ஆறே நாள்ல அதே ஆளுக்கு, இத பத்தி சத்தம் போடாதீங்க, பிரான்ஸ் பின்வாங்க சாக்கு கெடச்சிடும்னு இன்னொரு கடிதம். தன் கொள்கைய அவரே வளைச்ச இடம் இது தான்னு நான் நெனைக்கறேன், அடுத்தடுத்து படிச்சா அந்த பதட்டம் நல்லாவே தெரியுது.

குறைனா, கையெழுத்துப் பிரதியோட படம் இல்ல, வெறும் எழுத்து தான், படத்துக்கு காங்கிரஸ் நூலக தளத்துக்கு போகணும். பிற்கால கடிதங்கள் பலதுக்கு அடிக்குறிப்பும் இல்ல. இருந்தாலும் 1830ல முன்னாள் ஜனாதிபதி மேடிசன், காங்கிரஸ் உறுப்பினர் எட்வர்ட் எவரெட்டுக்கு எழுதினத தேடி படிச்சிடுங்க, ஒரு மாநிலம் தனியா மத்திய சட்டத்த ரத்து பண்ண முடியாதுனு அதுல விளக்கமா சொல்லிருக்கார்.