சந்தனமா, சீடரா, வெட்டிவேரா? மர வாசனை தோலில் எப்படி மாறுகிறது

மர வாசனை பர்ஃப்யூமைக் காகிதப் பட்டையில் அடித்து முகர்ந்து வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. காகிதத்துக்கு உடம்புச் சூடும் கிடையாது, எண்ணெய்ப் பசையும் கிடையாது. அதோடு, அடித்த உடனே மூக்கில் ஏறுவது மரமே அல்ல. பெர்கமோட் என்கிற எலுமிச்சை இனத்துப் பழம், மிளகு மாதிரி சட்டென்று ஆவியாகிற சமாச்சாரங்கள். அவை போகட்டும். மணிக்கட்டில் ஒரு மணி நேரம் கழித்து என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சீடர் (cedar) மரம் ஒளிவுமறைவு இல்லாத ஆள். வர்ஜீனியா சீடர் என்பது உண்மையில் ஜூனிபர் இனத்து மரம். பென்சில் செய்ய ஒரு காலத்தில் அதைத்தான் அதிகம் அறுத்தார்கள். ஆகவே பென்சில் சீவிய வாசனை என்று யாராவது சொன்னால் அது வர்ணனை இல்லை, அதே பொருள்தான். அட்லஸ் சீடரில் கொஞ்சம் இனிப்பும் பிசினும் கூடும். எதுவானாலும் தோலில் பெரிய திருப்பம் எதுவும் இல்லை. முதலில் எப்படியோ கடைசியிலும் அப்படியே, என்ன, கொஞ்சம் மெலிந்திருக்கும். அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு மறந்துவிட நல்லது.

சந்தனம் நேர்மாறு. ஆரம்பத்தில் ஒன்றும் இல்லையோ என்று தோன்றும். சந்தன வாசனைக்கு முக்கியக் காரணமான சாண்டலால் கனமான மூலக்கூறு, மெதுவாகத்தான் எழும். எழுந்தபின் பால் வாசம் கலந்த மென்மை, தோலை ஒட்டியே நிற்கும். பக்கத்தில் வந்தால்தான் தெரியும். நம்மூர்ச் சந்தனமான சாண்டலம் ஆல்பத்தின் நல்ல எண்ணெயில் சாண்டலாலின் ஒரு வகையான ஆல்பா சாண்டலால் மட்டுமே பாதிக்கு நெருக்கமாக இருக்கும். ஆஸ்திரேலியச் சந்தனமான ஸ்பிகாட்டம் வகையில் அது குறைவு, வாசனையும் வறட்சியாக இருக்கும். அசல் எண்ணெய் விலை அதிகம் என்பதால் பல பாட்டில்களில் ஜாவனால், சாண்டலோர் போன்ற செயற்கைப் பொருட்கள்தான் வேலை பார்க்கின்றன. தப்பில்லை. ஆனால் அளவு மீறினால் அந்த மென்மை போய், ஒரு கூர்மை மூக்கைக் குத்தும்.

என் ஓட்டு வெட்டிவேருக்கு. புல்லின் வேர்தான், ஆனாலும் பர்ஃப்யூம்காரர்கள் அதை மர வரிசையில்தான் வைக்கிறார்கள். தோலில் உண்மையிலேயே பயணம் போவது இது ஒன்றுதான். முதலில் பச்சையான கசப்பு, கிரேப்ஃப்ரூட் தோலைக் கிள்ளியது போல. அப்புறம் ஈர மண். அது காயக் காயப் புகை தலைகாட்டும். ஜாவா வேராக இருந்தால் தூக்கலாகவே. ஹைட்டி வேர் அதைவிடச் சுத்தமாக, லேசாக முடியும். எல்லாம் அடங்கிய பிறகு மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனால் மெல்லிய இனிப்பு ஒன்று கிடைக்கும். காலையில் அடித்தபோது அது இருந்த சுவடே தெரியாது. 2006இல் பர்ஃப்யூம் கலைஞர் ழான் க்ளோத் எலெனா உருவாக்கிய டெர் த ஹெர்மெஸ் என்ற பர்ஃப்யூமில் ஆரஞ்சு வாசனை விலகி வெட்டிவேரும் சீடரும் முன்னே வருவதைக் கவனித்தால் இந்த நடை புரியும். வறண்ட தோல் என்றால் எல்லாமே சீக்கிரம் அடங்கிவிடும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி அதன்மேல் அடியுங்கள்.

எந்த மரம் என்று சொல்லாமல் வெறுமனே ‘வுடி’ என்று விற்கிற பாட்டில்களில் ஐஸோ ஈ சூப்பர் இருக்க வாய்ப்பு அதிகம். 1970களில் ஐஎஃப்எஃப் என்ற வாசனைப் பொருள் நிறுவனம் கொண்டுவந்த செயற்கைப் பொருள். சீடர் சாயல், கொஞ்சம் வெல்வெட் தன்மை. வரும், போகும், திரும்பவும் வரும். சிலருக்கு இதன் வாசனையே தெரியாது. அதனால் பாட்டிலில் சரக்கு இல்லை என்று திருப்பிக் கொடுக்கும் முன் பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.